பதற்றத்துக்கு மரமும் நீரும் மருந்தாகுமா? மருத்துவர் சொன்னதைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: அதிகாலை மூன்று மணி (சென்னை, மேடவாக்கம்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 41 வயதாகிறது. கணவருடனும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுடனும் வசிக்கிறேன். தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் வரிக்கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடந்த எட்டு மாதங்களாகப் பெரும்பாலான நாட்களில் அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. விழித்த கணமே நெஞ்சு படபடக்கிறது. அனுப்ப மறந்துவிட்டேனோ என்று தோன்றும் ஏதோ ஒரு கோப்பு, மகனின் மதிப்பெண், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் சர்க்கரை அளவு என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, மனம் விடியும்வரை செக்குமாடு போல அதே வட்டத்தில் சுற்றுகிறது. இதயப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் செய்து பார்த்ததில் குறை எதுவும் இல்லை. அதன் பிறகுதான் தயங்கித் தயங்கி மனநல மருத்துவரிடம் போனேன். அவர் இது பதற்ற நோய் என்று விளக்கி, மாத்திரை எழுதிக் கொடுத்து, வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசனைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்.

எழுந்து வரும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். வாரத்தில் மூன்று நாட்களாவது மரமோ நீரோ இருக்கிற இடத்துக்குப் போய் அரை மணி நேரம் இருக்க வேண்டும், கைபேசியைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது என்றார். வெளியே இருபது பேர் காத்திருந்ததால் காரணம் கேட்க முடியவில்லை. நான் ஏற்கெனவே தினமும் 40 நிமிடம் மொட்டை மாடியில் நடக்கிறேன். "நடை நடைதானே, மாடியில் நடந்தால் என்ன, மரத்தடியில் நடந்தால் என்ன?" என்று என் கணவர் கேட்கிறார், எனக்கும் பதில் தெரியவில்லை. இதற்கு ஆய்வுகளின் ஆதாரம் ஏதேனும் உண்டா, அல்லது நோயாளிக்கு ஆறுதலாகச் சொல்லும் பேச்சா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். எவ்வளவு நேரம் போதும், ஒரு பெண் தனியாகப் போய் நிற்கக்கூடிய இடம் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பூங்காவுக்குப் போய் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டில் ஓடிய அதே யோசனைகள் அங்கேயும் ஓடின. இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்று அழுகையோடுதான் திரும்பி வந்தேன்.


பதில் 1: மனநலப் பணியாளர் (மதுரை)

வணக்கம் சகோதரி. மாவட்ட மருத்துவமனை ஒன்றில் 16 ஆண்டுகளாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. மாத்திரை போட்ட அன்றே தூக்கம் சீராகிவிடும் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. பூங்காவுக்குப் போன முதல் நாளே மனம் அடங்கிவிடும் என்றும் யாரும் உறுதி சொல்ல முடியாது.

உங்கள் மருத்துவர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. இத்துறையில் எல்லோரும் முதலில் குறிப்பிடும் ஆய்வு ரோஜர் உல்ரிக் என்பவர் 1984-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். வயது முதலியவற்றில் ஒத்திருந்த நோயாளிகளை இருவர் இருவராகச் சேர்த்து 23 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒருவருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்றவருடைய ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர் தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சற்றுச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள்; வீரியமான வலிநிவாரணிகளைக் குறைவாகவே கேட்டிருந்தார்கள்; மனச்சோர்வைக் குறித்துச் செவிலியர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் அவர்களுக்குக் குறைவு. மொத்தம் 46 பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் சிகிச்சையோடு சேர்ந்த விஷயம் என்று மருத்துவமனை கட்டுபவர்கள் எண்ணத் தொடங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் கணவர் கேட்ட கேள்வியையே ஏறத்தாழ அப்படியே சோதித்தவர்களும் இருக்கிறார்கள். கிரெகரி பிராட்மன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நகரவாசிகள் 38 பேரில் பாதிப் பேரை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அருகே ஓக் மரங்களும் புதர்களும் உள்ள புல்வெளியில் 90 நிமிடம் நடக்கவைத்தார்கள். மீதிப் பேரை வாகன நெரிசல் மிகுந்த நெடுஞ்சாலை ஓரமாக அதே 90 நிமிடம் நடக்கவைத்தார்கள். நடை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் தன்னைப் பற்றிய கசப்பான எண்ணங்களையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் புல்வெளியில் நடந்தவர்களிடம் குறைந்தது. அந்த அசைபோடலோடு தொடர்புடையதாகக் கருதப்படும் மூளையின் முன்பகுதி ஒன்றில் செயல்பாடும் தணிந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு உங்களுக்கு நேர்வதும் இந்த அசைபோடல்தான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொன்னேன். இதைக் கேட்டு மாடி நடையை விட்டுவிடாதீர்கள். உடற்பயிற்சி தன்னளவிலேயே பதற்றத்தைக் குறைக்கக்கூடியது. அந்த அளவில் உங்கள் கணவர் சொல்வதும் சரிதான்.

இது எப்படி நேர்கிறது என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இணையர் ஒரு விளக்கம் தந்தார்கள். அதை உங்கள் வேலையை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வரிக்கணக்கைச் சரிபார்க்கும்போது எண்களை மட்டுமே பார்க்க வேண்டும். பக்கத்து மேசைப் பேச்சையும் கைபேசி ஒலியையும் உங்கள் சொந்தக் கவலையையும் விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கவனத்தை இப்படி இழுத்துப் பிடித்து நிறுத்தும் திறன் ஓர் அளவுக்கு மேல் களைத்துப்போகிறது. களைத்த பிறகு வேண்டாத எண்ணத்தை விலக்கவும் அதற்குத் தெம்பு இருப்பதில்லை. இலை அசைவதும் நீர் மினுங்குவதும் மேகம் நகர்வதும் நம் கவனத்தை மெல்ல ஈர்க்கின்றனவே ஒழிய, அதனிடம் எதையும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் இழுத்துப் பிடிக்கும் திறன் ஓய்வெடுத்துக்கொள்கிறது என்பது அவர்களுடைய கருத்து. 2008-இல் அதே பல்கலைக்கழகத்தில் மாணவர்களைத் தாவரவியல் தோட்டத்திலும் நகரத் தெருவிலும் தனித்தனி நாட்களில் நடக்கவைத்து, சில எண்களை வாசித்துக் காட்டி அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். தோட்டத்தில் நடந்து வந்த பிறகு நன்றாகச் சொன்னார்கள். உறையும் குளிர்காலத்தில், நடையை ரசிக்காமலே நடந்து வந்தவர்களுக்கும் அந்தப் பயன் கிடைத்தது. இந்த ஒரு முடிவை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: மகிழ்ச்சி பொங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எவ்வளவு நேரம் என்றால், இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்த தகவல்களைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வொன்று, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடங்களோ அதற்கு மேலோ இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள் என்று காட்டியது. அந்த நேரத்தை ஒரே முறையில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நலமாக இருப்பவர்கள்தாம் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற ஐயத்தை இத்தகைய ஆய்வு தீர்த்துவைக்காது. ஆகவே 120 என்பதை மாத்திரையின் மில்லிகிராம் அளவு போலக் கொள்ள வேண்டாம். மருத்துவர் சொன்ன மூன்று அரை மணி நேரத்தில் தொடங்குங்கள். முடிந்தவரை காலையில் போங்கள். கண்ணில் படும் காலை வெளிச்சம் உடலின் உறக்கக் கடிகாரத்தைச் சீராக வைத்திருக்க உதவும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மனம் கொஞ்சம் லேசானதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, மூன்றாம் மாதம் முன்னைவிட மோசமான நிலையில் வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மரமும் நீரும் சிகிச்சைக்குத் துணை. சிகிச்சையின் இடத்தில் அவற்றை வைக்காதீர்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எந்த நேரத்தில் தலைகாட்டினாலும் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசு நடத்தும் இலவசத் தொலைபேசி மனநலச் சேவை அது, இரவிலும் எடுப்பார்கள்.

பெஞ்சில் சும்மா உட்கார்ந்ததுதான் அன்று உங்களுக்குக் கடினமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பதற்றத்தில் இருக்கும் மனத்துக்கு வெற்று அரை மணி நேரத்தைக் கொடுத்தால், அது அதைக் கவலையால்தான் நிரப்பும். கண்ணுக்கு ஏதேனும் சிறு வேலை கொடுங்கள். எப்படி என்பதை உங்கள் பகுதியை அறிந்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.


பதில் 2: சதுப்புக்கரை (சென்னை, வேளச்சேரி)

அம்மா, நான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், வயது 68. உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. அலுவலகம் போகும் வழியில் நூறு முறை அதைக் கடந்திருப்பீர்கள். நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பணியில் இருந்தவரை அப்படித்தான் கடந்தேன்.

அங்கே போனால் அஞ்சலட்டையில் அச்சடித்த இயற்கை கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. துரைப்பாக்கம் சாலையில் லாரிகளும் நிறுவனப் பேருந்துகளும் ஓயாமல் ஓடும். தொலைவில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும். ஒரு காலத்தில் பல மடங்கு பரந்து கிடந்த நிலம் சுருங்கி, எஞ்சியதில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்றது. அந்த எஞ்சிய நீரில், இப்போது தை மாதத்தில், கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதக்கின்றன. நெடுங்கால் உள்ளான்கள் செந்நிறக் குச்சிக் கால்களில் நடக்கின்றன. நீலத் தாழைக்கோழிகள் சம்பைப் புதர்களுக்குள் புகுந்து புறப்படுகின்றன. சில ஆண்டுகளில் பூநாரைகளும் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி இறந்த பிறகு ஏழு மாதங்கள் நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். மகள் வற்புறுத்தி ஒரு காலையில் அங்கே அழைத்துப் போனாள். அழகை ரசிக்கும் மனநிலை என்னிடம் இல்லை. ஆனால் முக்குளிப்பான் என்றொரு சிறு பறவை, கைப்பிடி அளவுதான் இருக்கும், எனக்கு நேர் எதிரே நீரில் மூழ்கியது. எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து விநாடி போல ஆயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் எழவில்லை, வலப்பக்கம் வெகுதூரம் தள்ளி எழுந்தது. மறுபடி மூழ்கியது. மறுபடியும் என் கணிப்புத் தவறியது. அன்று அப்படியே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். ஏழு மாதங்களில் முதல் முறையாக முக்கால் மணி நேரம் நான் வேறொன்றைப் பற்றி யோசித்திருந்தேன் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. ஆசிரியராக 33 ஆண்டுகள் இலையின் உள்ளமைப்பைக் கரும்பலகையில் வரைந்தவன், ஓர் உயிர் அதன் போக்கில் இருப்பதைப் பார்த்து நிற்க அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். இயற்கையைப் பார்க்கப் போகிறேன் என்று போகாதீர்கள். முக்குளிப்பானைப் பார்க்கப் போங்கள். அது எழும் இடத்தை முன்கூட்டிக் கணியுங்கள். மூழ்கியதும் உங்கள் எண்ணம் அலுவலகத்துக்கு ஓடினால் ஓடட்டும், அது எழும்போது கண் தானாகத் திரும்பி வந்துவிடும். சில வாரங்கள் கழித்து ஒரு சிறிய நோட்டும் பேனாவும் எடுத்துப் போய், பதினைந்து நிமிடத்தில் எத்தனை வகைப் பறவைகள், எத்தனை நாமக்கோழிகள் என்று எழுதிப் பாருங்கள். 2015 முதல் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பிலும் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து எழுதுவதுதான் முறை. பறவைகளின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நெற்றியில் வெள்ளை இட்ட கறுப்புப் பறவை என்று எழுதுங்கள், பிறகு அதுதான் நாமக்கோழி என்று தெரிந்துகொள்வீர்கள்.

இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாலையோரம் தனியாக நிற்க வேண்டாம். வாகனங்கள் வேகமாக வருகின்றன. சதுப்பு நிலத்தை ஒட்டி அமைத்திருக்கும் சூழல் பூங்காவில் நீளமான நடைபாதை உண்டு. காலையில் குடும்பமாகவும் தனியாகவும் நிறையப் பெண்கள் நடக்கிறார்கள். ஆறரை மணிக்குப் போனால் வெயிலும் இருக்காது, பறவைகளும் சுறுசுறுப்பாக இருக்கும். ஒரே இடத்தில் தொடர்ந்து நில்லுங்கள். வாரம் ஓர் இடமாகச் சுற்றினால் எல்லாம் வேடிக்கையாகவே முடிந்துவிடும். ஒரே கரையில் பத்து நாள் நின்றால்தான் நீர்மட்டம் இரண்டு விரல் இறங்கியிருப்பதும் நேற்றிருந்த கூட்டம் இன்று இல்லாததும் கண்ணுக்குத் தெரியும்.


பதில் 3: பேராவூரணித் தென்னை

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். இருந்தாலும், மரத்தடிக்குப் போனால் மனம் ஆறும் என்று பொதுவாகச் சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் எழுகிறது. அதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை.

நான் தென்னை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தோப்பில் முந்நூற்றுச் சொச்சம் மரங்கள் நின்றன. விடிந்து பார்த்தபோது நாற்பது மரங்கள் எஞ்சியிருந்தன. பெரும்பாலானவை என் தாத்தா வைத்தவை. தென்னை, வைத்த மறு ஆண்டே காய்க்கும் பயிர் அன்று. பலன் பார்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். என் அப்பா அதன் பிறகு பல மாதங்கள் தோப்புப் பக்கமே போகவில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எழுந்து வாசலில் வந்து நிற்பார், விடியும்வரை படுக்க மாட்டார். அவருக்குப் பசுமை குறைவாக இருந்ததா? சுற்றிலும் பசுமைதான். அந்தப் பசுமைதான் அவருக்குக் கடனையும் இழப்பையும் நினைவுபடுத்தியது.

இயற்கையோடு பிறந்து, இயற்கையோடு உழைத்து, மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட விவசாயிகள் இந்த நாட்டில் ஏராளம். நகரத்தில் இருப்பவருக்கு வயல் ஓய்வு. வயலில் இருப்பவருக்கு அது அலுவலகம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், மனநோய்க்கு மருந்து தேவையில்லை, கிராமத்துக்குப் போய்விட்டால் போதும் என்று பேசுகிறவர்களுக்கு அது வசதியாகிவிடுகிறது. எங்கள் ஊரில் அந்தப் பேச்சால் அப்பாவுக்குச் சிகிச்சை ஓராண்டு தள்ளிப்போனது. தோப்புக்குப் போய் நில், காற்று வாங்கு, எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் உறவினர்கள் அவரிடம் சொன்னார்கள்.

அவரை மீட்டதில் மருத்துவருக்குப் பங்குண்டு. விழுந்த மரங்களை அறுத்து அகற்ற அக்கம்பக்கத்தார் வந்து நின்றதற்கும் பங்குண்டு. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அவர் மாலை வேளைகளில் மல்லிப்பட்டினம் கடற்கரைக்குப் போய் உட்காரத் தொடங்கினார். பாக் நீரிணைக் கடல் எங்கள் பக்கத்தில் குளம் போலத்தான் கிடக்கும். பெரிய அலை கிடையாது. ஏன் அங்கே போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அங்கே எனக்குக் கணக்கு எதுவும் இல்லை" என்றார். அம்மா, உங்கள் மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். நான் எழுதியது உங்களைத் தடுப்பதற்காக அல்ல.


பதில் 4: மனநலப் பணியாளர் (மதுரை)

சகோதரருக்கு நன்றி. நான் எழுதியதில் இருந்த பெரிய குறையை நீங்கள் சரியாகச் சுட்டியிருக்கிறீர்கள். நான் குறிப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாட்டு நகரங்களில், மண்ணை நம்பிப் பிழைக்காத மனிதர்களிடம் செய்யப்பட்டவை. பழகிய நிலமே கண்ணெதிரில் சிதையும்போது, ஊரைவிட்டு எங்கும் போகாமலே ஊரை இழந்தவரைப் போல மனிதர்கள் தவிப்பதை ஆஸ்திரேலியச் சிந்தனையாளர் கிளென் ஆல்பிரெக்ட் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டிய பகுதிகளில் கண்டு, அதற்கென்றே புதிய சொல் ஒன்றை உருவாக்கினார். உங்கள் தந்தையார் வாசலில் நின்ற இரவுகள் அந்தத் தவிப்பைச் சேர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் பழைய அகத்திணை மரபு இதில் இன்றைய ஆய்வுகளைவிட நுட்பமாக இருக்கிறது என்று நான் எண்ணுவதுண்டு. நிலத்துக்கும் மனநிலைக்கும் உறவு உண்டு என்று சொன்ன அது, எல்லா நிலமும் ஆறுதல் தரும் என்று சொல்லவில்லை. குறிஞ்சிக்குக் கூடலை வைத்ததைப் போலவே பாலைக்குப் பிரிவையும் நெய்தலுக்கு இரங்கலையும் வைத்தது. இரங்கலுக்குரிய கடற்கரையிலேயே உங்கள் தந்தையார் ஆறுதல் கண்டிருக்கிறார் என்பதை நினைக்க நெகிழ்ச்சியாக இருக்கிறது.

"அங்கே எனக்குக் கணக்கு எதுவும் இல்லை" என்று அவர் சொன்னதை என்னிடம் வருகிறவர்களுக்கு, அவர் யார் என்று சொல்லாமல், எடுத்துச் சொல்ல உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். தனக்கு எந்தப் பொறுப்பும் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று நான் நீட்டி முழக்குவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.


பதில் 5: ஜன்னலோரம் (திருச்சி)

வெளியே போகவே முடியாதவர்களுக்காக இதைச் சுருக்கமாக எழுதுகிறேன். பக்கவாதத்தால் படுத்திருக்கும் என் மாமியாரை நான்கு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அரை மணி நேரம் வீட்டைவிட்டுப் போவதென்றால் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். மேலே சொன்ன மருத்துவமனை ஜன்னல் ஆய்வைப் பற்றி எங்களுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை தர வருகிறவர் ஒருமுறை சொன்னதைக் கேட்டு, அத்தையின் கட்டிலைச் சுவர்ப் பக்கமிருந்து ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டோம். வெளியே பக்கத்து வீட்டு முருங்கை மரம் ஒன்றுதான் தெரியும். அதில் அணில் உண்டு, பூ உதிரும், கம்பளிப்பூச்சிக் காலத்தில் ஜன்னலைச் சாத்த வேண்டும். பேச்சுச் சரியாக வராத அத்தை, அணில் வந்தால் கையைத் தூக்கிக் காட்டுகிறார். நோய் குணமாகவில்லை. ஆனால் காலையில் விழித்ததும் அழுவது குறைந்திருக்கிறது. அதைவிட, மத்தியானம் அவரோடு சேர்ந்து நானும் பத்து நிமிடம் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன். முன்பு அந்தப் பத்து நிமிடத்தில் கைபேசியைத்தான் பார்ப்பேன். எழும்போது தலை கனத்திருக்கும்.


கேட்டவர்: அதிகாலை மூன்று மணி (ஆறு வாரங்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குக் காரணம், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்ததுதான்.

சூழல் பூங்காவுக்கு வாரத்தில் மூன்று நாட்கள் போகிறேன். ஒரு வாரம் மகனுக்குக் காய்ச்சல் என்பதால் ஒரு நாள்தான் போக முடிந்தது. முதல் இரண்டு வாரம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. குப்பைக் கிடங்கின் வாடை வந்த நாளில் பாதியிலேயே திரும்பிவிட்டேன். முக்குளிப்பான் எது என்றே தெரியாமல் நாமக்கோழியையே அதுவென்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் சொன்ன அளவைத் திரும்பப் படித்த பிறகுதான் புரிந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் கணவரும் உடன் வந்தார். அவரிடமும் எழும் இடத்தைக் கணிக்கச் சொன்னேன். இருவரும் தொடர்ந்து பதினோரு முறை தவறாகச் சொன்னோம். பன்னிரண்டாவது முறை நான் கை காட்டிய இடத்திலேயே அது எழுந்தது. எங்களை அறியாமல் இருவரும் சத்தமாகக் கூவிவிட்டோம். அதற்குப் பிறகு மாடி நடையைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை, ஞாயிறுகளில் அவரே என்னை எழுப்புகிறார்.

மாத்திரை அதே அளவில் தொடர்கிறது. ஆலோசனைக்கும் தவறாமல் போகிறேன். எது எவ்வளவு உதவுகிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று மணி விழிப்பு முன்பு வாரத்தில் ஐந்தாறு நாட்கள் இருந்தது, இப்போது இரண்டு நாட்களாகியிருக்கிறது. விழித்தாலும், போன வாரம் ஒருமுறை, கோப்புகளை நினைப்பதற்கு முன்பு நீரில் அந்தப் பறவை மூழ்கிய வட்டம் மனத்தில் வந்தது. அது எங்கே எழும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன் போலும். கண் திறந்தபோது ஐந்தே முக்கால்.

பேராவூரணிச் சகோதரரே, உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார், புதிதாக வைத்த கன்றுகள் காய்த்தனவா என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். பெரியவரிடம் ஒரு கேள்வி. நேற்று கூழைக்கடாக் கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. நீரும் கரையிலிருந்து நன்றாக உள்வாங்கிவிட்டது. சித்திரை, வைகாசியில் அங்கே யாரெல்லாம் தங்கியிருப்பார்கள்? முக்குளிப்பான் இருக்குமா?